ஹோகன்மாட் அல்லது பிஸ்கோல்

பெர்ன், 8 ஜனவரி 2018

அன்புள்ள குர்டின்,

ஹோகன்மாட்டா, பிஸ்கோலா? எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு ஊர்களின் விளம்பரப் புத்தகங்களையும் அதே உறையில் திணித்திருந்தாய். கண் தெரியாத நீ அவற்றைத் தேடி வாங்கி, கண் தெரிகிற எனக்கு அனுப்பி, "படித்துவிட்டு நீயே சொல்" என்று எழுதியிருப்பது என்னை மடக்குவதற்கான ஏற்பாடு. தெரிந்தேதான் படித்தேன்.

ஹோகன்மாட்டில் பதினான்கு லிப்ட்டுகள், நூற்றிருபது கிலோமீட்டர் சறுக்குச் சரிவு என்று போட்டிருக்கிறார்கள். அந்த நூற்றிருபதை நான் நம்பவில்லை. வரைபடத்தின் மேல் நூல் வைத்து அளந்து பார்த்தேன், எண்பதைத் தாண்டவில்லை. வளைந்து வளைந்து இறங்குகிறவன் ஓடும் தூரத்தையும் சேர்த்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. எப்படியும் சரிவுகள் அகலமானவை, சீரானவை. பார்வையற்றோர் சறுக்குச் சங்கம் பிப்ரவரி 5 முதல் 9 வரை அங்கேதான் கூடுகிறது. ஆளுக்கு ஒரு வழிகாட்டி, எல்லோரும் பயிற்சி பெற்றவர்கள். உனக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருப்பதாகவும், 25ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் நீயே எழுதியிருக்கிறாய்.

பிஸ்கோலில் மூன்று லிப்ட். ஒன்று நாற்காலி, மற்ற இரண்டும் ஆளுக்குப் பின்னால் ஒரு கம்பியைக் கொடுத்து இழுத்துக்கொண்டு போகும் பழைய வகை. வடக்கு பார்த்த மலை, அதனால் பனி நிற்கும், வெயில் வராது. ஒரே விடுதி. சாப்பாட்டுப் பட்டியலில் பார்லி சூப்புக்கு மட்டும்தான் படம் போட்டிருக்கிறார்கள். வழிகாட்டி கிடையாது. அங்கே போனால் உனக்கு வழி சொல்ல வேண்டியவள் நான்.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தால் எல்லாம் ஹோகன்மாட் பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் தெரியவில்லை என்றே சொல்கிறேன். நீ கேட்பது ஊரைப் பற்றி மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இன்னொன்று. தொலைபேசி இருக்கும்போது ஏன் கடிதம்?

உர்சினா


இலான்ஸ், 12 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்ப்லா பிரித்து வாசிப்பு இயந்திரத்தின் கீழ் வைத்தாள். அதில் ஒரு பெண் குரல் இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் ஒரே தொனியில் வாசிக்கும். உன் எழுத்துக்கு ரொம்பப் பொருத்தம். நூல் வைத்து அளந்த இடம் வந்ததும் என் அருமை மனைவி பார்ப்லா அடுப்படியிலிருந்து கத்தினாள்: "உங்கக்கா லீவுக்குப் போறாளா, இல்ல கட்டுரை எழுதப் போறாளா?"

"ரெண்டும் அவளுக்கு ஒண்ணுதான்" என்றேன்.

ஏன் கடிதம் என்று கேட்டாய். தொலைபேசியில் நீ நடுவில் பேச்சை நிறுத்திவிடுவாய். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அப்போது உன் முகமாவது தெரியும். எனக்கு ஒன்றுமே இல்லை. லைன் போய்விட்டதா, கோபமா, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கடிதத்தில் நீ நிறுத்தினால் காகிதம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது என் பக்கம். தோள் எலும்பில் வைத்திருந்த தகட்டை அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். விலா சரியாகிவிட்டது. "சறுக்கப் போகலாமா?" என்று கேட்டதற்கு டாக்டர், "யார் கூட?" என்று கேட்டார். அவருக்கு என் கண்ணைப் பற்றித்தான் கவலை. எனக்கும் அதே கேள்விதான், வேறு காரணத்துக்காக. கடைசியாக நான் பனியில் நின்றது 2016 மார்ச்சில், உன்னோடு. அதற்கு முன் ஒன்பது குளிர்காலம் உன்னோடு மட்டும்தான் இறங்கியிருக்கிறேன்.

சங்கத்தில் விசாரித்தேன். அவர்களுடைய முறையும் நம் முறைதான். வழிகாட்டி பின்னால் வருவார், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவார். பேச்சு நின்றால் முன்னால் போகிறவன் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். காரணம் தேடக் கூடாது. பின்னால் இருப்பவர் விழுந்திருக்கலாம், காதில் மாட்டிய ஹெட்செட் செத்திருக்கலாம், எதுவும் இருக்கலாம். ஆக, முறையில் வித்தியாசம் இல்லை. ஆள்தான் வித்தியாசம்.

எனக்குப் பிஸ்கோல் பிடித்திருக்கிறது. கூட்டம் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நீ சொன்னால் நானும் சொல்கிறேன்.

தம்பி குர்டின்


பெர்ன், 15 ஜனவரி

அன்புள்ள குர்டின்,

தேர்வுத் தாள்கள் திருத்திக்கொண்டிருக்கிறேன். நிலத்தடி நீரைப் பற்றி நூற்றுநாற்பது பேர் எழுதியிருக்கிறார்கள். அதில் முப்பது பேருக்காவது தண்ணீர் மேல்நோக்கி ஓடுகிறது. ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

பிஸ்கோலுக்கு எதிராக என் காரணங்கள். இழுவைக் கம்பியில் நீ தனியாக ஏறுவது கஷ்டம், சேர்ந்து ஏறினால் உன் உயரத்துக்கும் என் உயரத்துக்கும் கம்பி கோணலாகும். முதலுதவிக் கொட்டகையில் வார நாட்களில் ஆள் இருப்பார்களா என்று புத்தகத்தில் இல்லை. வடக்குச் சரிவில் காலை பதினொன்று வரை பனி கண்ணாடி போலக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேல், ஹெட்செட்டை நான் நம்பவில்லை. விபத்தன்று அது கைவிட்டதை மறந்துவிட்டு இன்னொரு முறை உன்னை அதன் பொறுப்பில் விட என்னால் முடியாது.

ஹோகன்மாட்டுக்குப் பதில் எழுதிவிடு.

உர்சினா


இலான்ஸ், 18 ஜனவரி

அக்கா,

ஹெட்செட்டைப் பற்றி நீ எழுதியதைக் கேட்டதும் பார்ப்லாவுக்கு ஒரே சந்தோஷம். உனக்குத் தெரியாத செய்தி ஒன்று எங்களிடம் இருக்கிறது.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் அந்தக் கம்பெனியை விடவில்லை. மூன்று கடிதம் எழுதினாள். முதல் கடிதம் மரியாதையாக. இரண்டாவதில் வக்கீல் என்ற சொல் வந்தது. மூன்றாவதில் மரியாதை, வக்கீல் இரண்டும் இல்லை. போன மாதம் ஒரு பெட்டி வந்தது. புதிய வகை ஹெட்செட் இரண்டு, மேலாளரின் கையெழுத்தோடு மன்னிப்புக் கடிதம், ஒரு பெரிய சாக்லேட் டப்பா. தங்கள் பரிசோதனையில் எந்தக் குறையும் தெரியவில்லை என்றும், இருந்தாலும் மனம் வருந்துவதாகவும் எழுதியிருந்தார்.

நேற்று ரைன் ஆற்றங்கரையில் வைத்துச் சோதித்தோம். பார்ப்லா பாலத்திலிருந்து பேசிக்கொண்டே நடந்தாள். நானூறு மீட்டர் தள்ளிப் போயும் அவள் பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டியது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

ஆகவே ஹெட்செட் இனிமேல் காரணம் இல்லை. இழுவைக் கம்பியைப் பிஸ்கோல் ஆட்களிடம் கேட்டேன். ஆள் ஏறும்போது நிறுத்தித் தருவார்களாம். முதலுதவிக்கு ஆள் எல்லா நாளும் உண்டு. பனி கண்ணாடியாக இருந்தால் பதினொன்றுக்கு மேல் இறங்குவோம்.

இன்னும் ஏதாவது காரணம் இருந்தால் எழுது. இல்லையென்றால் பிஸ்கோல்.

குர்டின்


பெர்ன், 20 ஜனவரி

அன்புள்ள குர்டின்,

ஹெட்செட் கெடவில்லை. அன்று காலையிலிருந்து உன்னை வண்டியில் ஏற்றும்வரை அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

இதை இயந்திரம் வாசிக்கும்போது பார்ப்லா பக்கத்தில் இருப்பாள். "தனியாகக் கேள்" என்று உறையின் மேல் எழுதலாமா என்று யோசித்தேன். உறைமேல் எழுதியதை உனக்குப் படித்துச் சொல்லப் போகிறவளும் அவள்தான். விட்டுவிட்டேன்.

நாற்காலி லிப்ட்டில் மேலே போகும்போது நீ பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அடுத்த வருஷம் சங்கத்து ஆளோட போய்ப் பாக்கலாம்னு இருக்கேன்கா. உனக்கும் ஓய்வா இருக்கும்" என்றாய். "எனக்கு ஓய்வு வேணும்னு யாரு கேட்டா?" என்றேன். "அதான் விஷயமே. நீ எனக்காக வர்றியா, இல்ல போறதுக்கு வேற இடம் இல்லாம வர்றியான்னு எனக்கே தெரியல" என்றாய். ரோலாண்ட் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு என் வீட்டை விட்டுப் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. லிப்ட் மேலே வந்துவிட்டது. இறங்கினோம்.

பாதிச் சரிவு வரை சொல்லிக்கொண்டுதான் வந்தேன். போ, போ, இடது, போ. சிறிய மேடு ஒன்றைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். தொண்டை அடைக்கவில்லை. அழவில்லை. கவனம் வேறு எங்கும் போகவும் இல்லை. நீ எனக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டேன். நான் இல்லாமல் போய்ப் பார் என்ற மாதிரி ஒரு நினைப்பு. அன்று அது இவ்வளவு தெளிவான வாக்கியமாக இல்லை; இப்போது எழுதும்போது அப்படி ஆகிறது. நான்கு வினாடி இருக்கும்.

முறைப்படி நீ நின்றாய். மேட்டுக்கு நேர் கீழே, மேலிருந்து வருகிறவன் கண்ணில் படாத இடத்தில் நின்றாய். ஒற்றைப் பலகையில் சறுக்கி வந்த அந்த ஆள் மேட்டிலிருந்து குதித்தபோது அவனுக்கும் நேரம் இல்லை, எனக்கும் நேரம் இல்லை. பேசினேன். ஆனால் அதற்குள் அவன் உன் மேல் விழுந்துவிட்டான்.

மீட்பு ஆள் வந்து, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். "ஹெட்செட் கட் ஆயிடுச்சு" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. பிறகு இரண்டு வருடம் யோசித்து யோசித்துக் காப்பாற்றினேன். நான் பேசாமல் இருப்பதை எல்லோரும் என் சுபாவம் என்பார்கள். அன்று நான் பேசாமல் இருந்தது ஒரு காரியம். அதைச் செய்தவள் நான்.

என்னிடம் இருந்த காரணம் இதுதான். ஹோகன்மாட்டுக்கு எழுதிவிடு.

உர்சினா


இலான்ஸ், 24 ஜனவரி

அக்கா,

இரண்டு நாளாக இதைத் தொடங்குவதும் அழிப்பதுமாக இருக்கிறேன்.

எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். ஹெட்செட் செத்தால் காதில் டக்கென்று ஒரு சத்தம் வரும், அதற்குப் பிறகு பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும். அன்று டக் வரவில்லை. நீ மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது. நான்கு வினாடியும் இல்லை, ஆறு. புரொபசரம்மாவின் கணக்கில் முதல் தடவையாகத் தப்பு கண்டுபிடித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நீ பார்ப்லாவிடம் ஹெட்செட் என்று சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். லிப்ட்டில் நான் பேசியதை நீ அவளிடம் சொல்லவில்லை என்பதும் புரிந்தது. நீ உன்னுடையதை மறைத்தாய், அதோடு என்னுடையதும் மறைந்துபோனது. எனக்கு அது வசதியாக இருந்தது. கண் இல்லாதவன்மேல் பழி வராது, பார்த்திருக்கிறாயா? எல்லோரும் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். நான் அதில் சௌகரியமாகப் படுத்துக்கொண்டேன்.

பார்ப்லா விஷயத்துக்கு வருகிறேன். இயந்திரம் வாசித்து முடிக்கும்வரை அவள் அசையவில்லை. அப்புறம் ஆரம்பித்தாள்.

"மூணு லெட்டர். மூணு! அந்த மனுஷன் மன்னிப்புக் கேட்டு சாக்லேட் அனுப்பினான். நான் வெக்கமே இல்லாம தின்னேன்."

"எனக்கும் குடுத்தியே" என்றேன்.

"நீ வாயைத் திறக்காத. உனக்குத் தெரியும்ல? தெரிஞ்சுக்கிட்டே என் பக்கத்துல உக்காந்து, 'இன்னும் கொஞ்சம் காரமா எழுது'ன்னு சொன்னவன்தானே நீ?"

"ஆமா."

"அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். ஒருத்தி வாயே திறக்க மாட்டா. இன்னொருத்தன் நாளெல்லாம் பேசுவான், சொல்ல வேண்டியதை மட்டும் சொல்ல மாட்டான். நடுவுல நான் ஒரு பைத்தியக்காரி, கம்பெனிக்கு லெட்டர் போட்டுக்கிட்டு!"

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். மாலையில் திரும்பி வந்து, கம்பெனிக்கு நடந்ததை எழுத வேண்டியது நீதான் என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

ஹோகன்மாட்டுக்குப் போகிறேன். நேற்று சங்கத்துக்குத் தெரிவித்துவிட்டேன். உன்னைத் தண்டிக்கிறேன் என்று நினைக்காதே. இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவை இறங்கும்போது, என் பின்னால் வருகிறவருக்கு நான் யார் என்றே தெரியாமல் இருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தாலும் சரி, அவருக்கு வந்தாலும் சரி, அது குடும்பக் கோபமாக இருக்கக் கூடாது.

ஆனால் சங்கத்தின் வாரம் வெள்ளியோடு முடிகிறது. அங்கிருந்து பிஸ்கோலுக்கு அஞ்சல் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். சனிக்கிழமை பத்தாம் தேதி எனக்கு வேலை ஒன்றும் இல்லை. வருகிறேன் என்று சொல்லவில்லை. வேலை இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

குர்டின்


பெர்ன், 27 ஜனவரி

அன்புள்ள குர்டின்,

கம்பெனிக்கு எழுதிவிட்டேன். ஒரு பக்கம் ஆயிற்று. கருவிகளைத் திருப்பி அனுப்பத் தயார் என்றும், சாக்லேட்டைப் பற்றி ஒன்றும் செய்வதற்கில்லை என்றும் எழுதினேன். நகல் ஒன்று பார்ப்லாவுக்குத் தனி உறையில் வரும். அவளிடம் மன்னிப்புக் கேட்டும் எழுதியிருக்கிறேன். அவள் படித்தாளா என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

உன் ஆறு வினாடியை ஏற்றுக்கொள்கிறேன்.

உனக்குத் தெரிந்திருக்கும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமா, ஆறுதலா என்று இரண்டு நாளாகப் பார்க்கிறேன். இரண்டும் மாறி மாறி வருகின்றன. நடுவே கொஞ்சம் கோபமும் வருகிறது. இரண்டு வருடம் நீ என் பிறந்த நாளுக்கு ஃபோன் செய்து வானிலை பேசினாய்.

லிப்ட்டில் நீ சொன்னதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

பிஸ்கோல் விடுதியில் பிப்ரவரி 9, 10 இரண்டு நாளும் எனக்கு அறை எடுத்திருக்கிறேன். யாருக்காகவும் எடுத்ததாக நினைக்க வேண்டாம். தேர்வுத் தாள்கள் ஆறாம் தேதி முடிகின்றன.

உர்சினா


ஹோகன்மாட், 7 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

இதை நான் சொல்ல, என் வழிகாட்டி அம்ஸ்டுட்ஸ் எழுதுகிறார். ஆகவே அவரைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லப் போகிறேன். வயது அறுபத்திரண்டு, பாற்கட்டிக் கடை வைத்திருந்தவர், கை பெரிது, குரல் இன்னும் பெரிது. பேச்சு நிற்கக் கூடாது என்ற விதியை அவருக்காகத்தான் யாரோ எழுதியிருக்கிறார்கள். 'போ, போ, இடது' என்பதற்கு நடுவில் தன் மாமியாரைப் பற்றிச் சொல்வார். மூன்று நாளில் அந்த அம்மாள் இரண்டு தடவை சொத்தை மாற்றி எழுதிவிட்டாள். (மாமியாரைப் பற்றி நான் மேலே சொன்ன இன்னொரு வாக்கியத்தை எழுத மறுக்கிறார்.)

முதல் நாள் எப்படி இருந்தது என்று கேட்பாய். மோசம். கொட்டாவி விடுவதற்காக அவர் அரை வினாடி நிறுத்தினாலும் நான் பலகைகளைக் குறுக்கே திருப்பி நின்றுவிட்டேன். ஒரு இறக்கத்தில் பதினோரு தடவை. "இது சறுக்கலா, தபால் பட்டுவாடாவா? வீட்டுக்கு வீடு நிக்கிறீங்க!" என்றார். நேற்று நான்கு தடவை. இன்று ஒரு தடவைதான், அதுவும் அவர் நிஜமாகவே தும்மினார்.

நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இங்கே பழக்குகிறார்கள். அதை நாம் ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை. நிற்கச் சொன்னால் நிற்பேன், அவ்வளவுதான் நமக்கு.

பயமாக இருக்கிறது அக்கா. (இதை எழுதும்போது அம்ஸ்டுட்ஸ் பேச்சை நிறுத்தினார். பாவம்.) பனியைப் பற்றி இல்லை. அந்நியன் சும்மா இருந்தால் அவன் தும்முகிறான் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ சும்மா இருந்தால் நான் என்ன நினைப்பேன் என்று தெரியவில்லை. அது தெரியாமல் பலகையை மாட்டுவது சரியில்லை.

வெள்ளிக்கிழமை பார்ப்லா இங்கே வருகிறாள். சனிக்கிழமை காலை 10.05 பேருந்தில் இரண்டு பேரும் பிஸ்கோலில் இறங்குவோம். அது நிச்சயம். பலகையை மாட்டுவேனா என்பதை அங்கே வந்து சொல்கிறேன்.

குர்டின்


பிஸ்கோல், 9 பிப்ரவரி, வெள்ளி, மாலை நான்கு மணி

அன்புள்ள குர்டின்,

இதைக் கையால் எழுதுகிறேன். உன் இயந்திரத்துக்குக் கையெழுத்து புரியாது, பெர்ன் போனதும் தட்டச்சு செய்து அனுப்புவேன். நாளை உன்னைப் பார்க்கப் போகிற நிலையில் எதற்கு எழுத வேண்டும் என்று தோன்றினாலும், ஒரு மாதமாகப் பழகிவிட்டது. நேரில் இவ்வளவு சொல்ல எனக்கு வராது.

காலை பத்து மணிக்கே வந்துவிட்டேன். நாற்காலி லிப்ட் சரிவில் ஐந்து முறை இறங்கினேன். முதல் இருநூறு மீட்டர் மெதுவான இறக்கம். பிறகு இடது பக்கம் பனிச்சரிவுத் தடுப்பு வேலி வருகிறது, அந்த இடத்தில் பாதை ஒடுங்குகிறது. வேலியைத் தாண்டினால் அகலம். மேடு எதுவும் இல்லை. வேலி ஓரத்தில் மட்டும் பனி இறுகிக் கிடக்கிறது.

இரண்டாவது முறையிலிருந்து சத்தமாகப் பேசிக்கொண்டே இறங்கினேன். யாரும் முன்னால் இல்லை. போ, போ, வலது, போ. வெட்கமாகத்தான் இருந்தது. மூன்றாவது முறை லிப்ட் அடியில் நிற்கும் ஆள் என்னை நிறுத்திவிட்டார்.

"யாருகிட்டம்மா பேசிக்கிட்டு வர்றீங்க?"

"தம்பிகிட்ட."

அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "எங்க?"

"நாளைக்குத்தான் வர்றான்."

"ஆள் வர்றதுக்கு முந்தியே 'போ போ'ன்னு விரட்டுறீங்களே!" என்றார். பிறகு நான் விளக்கிச் சொன்னதும், நாளை நாற்காலியை நிறுத்தி உன்னை ஏற்றிவிடுவதாகச் சொன்னார்.

ஒரு விஷயத்தை எழுதிவைக்கிறேன். ஏழு நிமிட இறக்கம் முழுவதும் விடாமல் பேசுவது எனக்கு மிகவும் கஷ்டம். ஒன்பது வருடம் அதை எப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. நான் சும்மா இருந்தால் நீ என்ன நினைப்பாய் என்று தெரியவில்லை என எழுதியிருந்தாய். அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. நான் சும்மா இருக்கவே மாட்டேன் என்றும் எழுதித் தர முடியாது. நாளை நீ பலகையை மாட்டாமல் பார்ப்லாவோடு சூப் குடித்துவிட்டுத் திரும்பினால் எனக்கு அது புரியும்.


10 பிப்ரவரி, சனி

நீ மூன்றரை மணிப் பேருந்தில் போய்விட்டாய். இன்று நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் நான் பின்னால் இருந்தேன், பார்த்தேன். அதை மட்டும் எழுதுகிறேன்.

பேருந்து எட்டு நிமிடம் தாமதமாக வந்தது. பார்ப்லா வழக்கமாகக் கன்னத்தில் கொடுக்கும் மூன்று முத்தத்தைக் கொடுக்காமல் கையை நீட்டினாள். "லெட்டரைப் படிச்சேன்" என்றாள். வேறு எதுவும் சொல்லாமல் விடுதிக்குள் போகத் திரும்பியவள், "ரெண்டு பேரும் முழுசா வந்து சேருங்க" என்றாள்.

லிப்ட் ஆள் சொன்னபடி நாற்காலியை நிறுத்தி உன்னை ஏற்றிவிட்டார். உச்சியில் பலகைகளைக் கீழே போட்டுவிட்டு, மாட்டாமல் நின்றாய். காற்று வரும் திசைக்கு முகத்தைத் திருப்பினாய். இரண்டு நிமிடம் இருக்கும். நீயே குனிந்து மாட்டினாய். "ம்" என்றாய். நான் ஆரம்பித்தேன்.

வேலி வரை ஒரு தடங்கலும் இல்லை. பாதை ஒடுங்கும் இடத்தில் நீ அழகாகத் திரும்பினாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் காலடியைப் பார்க்கவில்லை. வலது பலகையின் விளிம்பு இறுகிய பனியில் சறுக்கியது. இடுப்பு அடித்து விழுந்தேன். மூச்சு மொத்தமும் வெளியே போய்விட்டது. சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

எனக்கு முப்பது மீட்டர் கீழே நீ நின்றாய். பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பினாய். இரண்டு கோல்களையும் தலைக்கு மேலே உயர்த்திப் பெருக்கல் குறி போலக் குறுக்காகப் பிடித்தாய். அதை ஹோகன்மாட்டில் கற்றிருக்க வேண்டும். மேலிருந்து மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள், ஒரு தகப்பனும் இரண்டு பெண்களும். அவர்கள் வரும் சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். நீ ஒதுங்கவில்லை. திரும்பவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. தகப்பன் உன் கோல்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். மூவரும் தூரமாக விலகி உன்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பனித்தூள் உன்மேல் விழுந்தது. உன் கை இறங்கவில்லை. பதினைந்து வினாடி என்று நினைக்கிறேன். அதிகமாகவும் இருக்கலாம்.

மூச்சு திரும்பி வந்ததும், "விழுந்துட்டேன்" என்றேன்.

"அப்படித்தான் நெனச்சேன்" என்றாய். "அடியா?"

"இல்ல. மூச்சுதான் வரல."

"மெதுவா எந்திரி. நான் எங்கயும் போகல."

எழுந்து, கழன்ற பலகையை மாட்டிக்கொண்டு, மேலே யாரும் வருகிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை. "போ" என்றேன். போனாய்.

அதற்குப் பிறகு நான்கு முறை இறங்கினோம். இரண்டே கால் மணிக்குக் காற்று பலத்து, லிப்ட்டை நிறுத்திவிட்டார்கள்.

உர்சினா